அவிச்ச றால் நிறக் கிற்றார்

நான் மன்றத்தின் செயலாளர் ஆனதற்கு என் கையெழுத்துத்தான் காரணம். படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் நான் எழுதியிருந்ததை, அந்தப் பள்ளிக்கூடத்தின் ஓய்வுநிலை அதிபர் பரமலிங்கம் ஒருநாள் பார்த்துவிட்டார். "சயந்தினி, உம்மடை எழுத்து முத்து முத்தாய் இருக்குது பிள்ளை" என்றார். பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தீவக மரபுச் செல்வங்கள் காப்பு மன்றத்தின் செயலாளர். கூட்ட அறிக்கை எழுதுவது என் வேலை. "இதை அறிக்கையிலை போடாதையும்" என்று தலைவர் அவ்வப்போது சொல்லுவார். அப்படிப் போடாமல் விட்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊரான புளியங்கூடலில் பிறந்து உயிரோடிருக்கும் எல்லோரும் மன்றத்தின் உறுப்பினர்கள். இறந்துபோனவர்கள் காப்பாளர்கள். தலைவர் பரமலிங்கம் சேர், பொருளாளர் ராசா அண்ணை. இந்த இருவரும் ஒருவரையொருவர் நம்பாமல் இருப்பதுதான் மன்றத்தின் அத்திவாரம். லண்டனில் ஒரு கிளை உண்டு. அதோடு கோபித்துக்கொண்டு பிரிந்துபோன உண்மையான லண்டன் கிளையும் உண்டு. எல்லாம் இருந்தும் காப்பதற்குத்தான் ஒன்றும் இருக்கவில்லை. உடைந்த ஆட்டுக்கல் ஒன்றும், எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத ஒல்லாந்தர் காலத்துத் திறப்பு ஒன்றும் மட்டுமே மன்றத்தின் அலுமாரியில் கிடந்தன.

எங்கள் ஒழுங்கையில் இருக்கிறவர் வசீகரன் அண்ணை. தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். அவரிடம் ஒரு மின்சாரக் கிற்றார் இருந்தது. கப்பலில் வேலைசெய்த சித்தப்பா தம்பு, அறுபதுகளில் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் வாங்கிவந்து இவருக்குக் கொடுத்தது. அதன் நிறம் சிவப்பும் இல்லை, ரோஸும் இல்லை, செம்மஞ்சளும் இல்லை. றாலை அவித்து இறக்கும்போது ஓட்டில் ஒரு நிறம் வருமே, அதேதான். வீட்டில் அதற்கு றால் கிற்றார் என்றே பெயர். சண்டைக்குப் பயந்து தீவுச் சனம் இடம்பெயர்ந்தபோது அண்ணை அரிசி மூட்டையை விட்டுவிட்டு இதைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டவர். அவருடைய மனைவி சரோஜினிதேவி அக்கா அதை இன்னும் மன்னிக்கவில்லை. வீட்டில் எந்தச் சண்டை தொடங்கினாலும் கடைசியில் அந்த அரிசி மூட்டையில்தான் வந்து முடியும்.

திரும்பிவந்து குடியேறியபோது ஊரில் மின்சாரம் இல்லை. கரண்ட் இல்லாத தீவில் கரண்ட் கிற்றார். வாசித்தால் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கேட்கும். மகள் கம்சிகா அப்போது குழந்தை. அண்ணை வாசிக்க, பிள்ளை கிற்றாரின் மரத்தில் காதை ஒட்டிவைத்துக் கேட்டபடியே நித்திரையாகிவிடும். அவள் அப்படித்தான் வளர்ந்தாள். இப்போது அவளுக்குக் கலியாணம் பேசி, தை மாதத்தில் நாளும் வைத்தாயிற்று.

"அப்பா, நகை குறைஞ்சாலும் எனக்குக் காரியமில்லை. ரிசெப்ஷனிலை நீங்கள் றால் கிற்றாரிலை ஒரு பாட்டு வாசிக்க வேணும். அவ்வளவுதான்" என்றாள்.

அண்ணை அன்றைக்கே புதுத் தந்திக்குச் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தானா அந்த வெள்ளைக்காரர் வரவேண்டும்! சைக்கிளில் தீவு சுற்றிக்கொண்டிருந்தவர், குடிக்கத் தண்ணீர் கேட்டு அண்ணையின் வீட்டுக்குள் வந்தார். கிற்றாரைக் கண்டதும் தண்ணீரை மறந்து நிலத்தில் குந்திவிட்டார். கிற்றாரைச் செய்த தொழிற்சாலை இந்த நிறத்தை யாராவது விசேஷமாகக் கேட்டால் மட்டும்தான் அடித்ததாம், உலகத்தில் ஒரு சிலதான் மிச்சமாம். அதையெல்லாம் சொல்லிக் காணொளியாக எடுத்துப் போட்டுவிட்டு, சைக்கிளில் ஏறி நயினாதீவுக்குப் போய்விட்டார். காணொளியைக் கனடா பார்த்தது, லண்டன் பார்த்தது, பிறகு புளியங்கூடலும் பார்த்தது. அதுவரை ஒழுங்கையால் போகிற வருகிற எல்லோரும் அந்தக் கிற்றாரை நேரிலேயே பார்த்துக்கொண்டுதான் இருந்தவர்கள்.

அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் எழுந்து கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் விஷயம் பாரதூரமானது என்று அர்த்தம்.

"உலகத்திலை இல்லாத செல்வம் ஒண்டு எங்கடை ஊரிலை இருக்குது. அதை ஒரு தனி மனிசன் தன்ரை வீட்டிலை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறார் தெரியுமோ? வாசிக்கிறார்!" கழற்றிய கண்ணாடியை வேட்டியில் துடைத்தார். "வாசிச்சால் தேயாதோ? ஆனானப்பட்ட ஆட்டுக்கல்லே தேய்ஞ்சுபோச்சுது."

நாங்கள் ஊர்வலமாக அண்ணை வீட்டுக்குப் போனோம். அண்ணை இடுப்பில் கட்டிய சாரத்தோடு கிணற்றடியில் நின்றார். என்ன ஏது என்று கேட்பதற்குள் பொன்னாடை விழுந்துவிட்டது. பொன்னாடை போர்த்தப்பட்டவர் அதன்பிறகு மறுத்துப் பேசக்கூடாது என்பது எங்கள் பக்கத்து மரபு. பேசினால், போர்த்தினவருக்கு அவமானம். இது மன்றத்துக்கு நன்றாகத் தெரியும்.

"சேர், தையிலை மகளின்ரை கலியாணம். அதிலை வாசிக்கிறன் எண்டு..." என்று அண்ணை இழுத்தார்.

"அதுக்கென்ன, ரெண்டு கிழமைக் கண்காட்சிதானே. பிறகு உம்மடை கிற்றார் உம்மட்டை."

அண்ணை பொன்னாடையை முகத்திலிருந்து விலக்கிப் பார்த்தபோது கிற்றார் ஓட்டோவில் ஏறிவிட்டிருந்தது.

அடுத்த கூட்டம் கண்காட்சியில் வைக்கும் கல்வெட்டுக்காக. கிற்றாரின் நிறத்தை எழுதவேண்டும் என்றார்கள். நான் உண்மையை எழுதிக் கொடுத்தேன்: அவித்த இறால் நிறம். தலைவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"பிள்ளை, மன்றத்துக்கு முன்னாலை பிள்ளையார் கோயில். அதுக்கு நேரை அவிச்ச றால் எண்டு கல்லிலை வெட்டுறதோ? நாங்கள் சைவ ஆக்களல்லோ!"

சனிக்கிழமைகளில் ஊர்காவற்றுறைச் சந்தையில் றாலுக்கு முதலாவதாக விலை பேசுகிறவர் தலைவர்தான். ஆனால் அது வயிறு, இது கல்வெட்டு. ராசா அண்ணை காவி நிறம் என்றார். அது அரசியல் என்றார்கள். சந்தன நிறம் என்று ஒருவர் சொல்ல, செத்தவீட்டு ஞாபகம் வருகிறது என்று இன்னொருவர் சொன்னார். கடைசியில் செவ்விளநீர் வர்ணம் என்று தீர்மானமாயிற்று. கிற்றார் என்ற பெயரும் தமிழில்லை என்றபடியால் மின்யாழ் என்று மாற்றப்பட்டது. லண்டன் கிளை தொலைபேசியில் சம்மதித்தது. லண்டன் கிளை சம்மதித்தபடியால் உண்மையான லண்டன் கிளை சம்மதிக்கவில்லை. "ஏகமனதாக" என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

மின்யாழுக்குக் கண்ணாடி அறை கட்ட மேசன் வந்தார். நாலு பக்கமும் தடித்த கண்ணாடி, கீழே குளியலறை ரைல்ஸ் ஒட்டிய மேடை, மேலே கொன்கிறீற்றில் சின்னக் கோபுரம். மேசன் கேட்டது ஒரேயொரு கேள்வி.

"கதவு எந்தப் பக்கம் வைக்கிறது?"

மண்டபம் அமைதியாகிவிட்டது.

வெளியூர் வாசகர்களுக்கு இந்த அமைதி விளங்காது. பக்கத்தூர்க் கோயில் ஒன்றில் திறப்பு யாருடைய கையில் இருப்பது என்று இரண்டு பகுதி பிரிந்து, ஆளுக்கொரு பூட்டுப் போட்டு, வழக்கு நடந்து, சுவாமி வருஷக்கணக்காக உள்ளேயே இருந்தார். எங்களுக்குக் கதவு என்றால் பயமில்லை. திறப்பு என்றால்தான் பயம்.

"திறப்பு தலைவரிட்டை இருக்கிறதுதான் முறை" என்றார் பரமலிங்கம் சேர்.

"ஓமோம். பிறகு நாங்கள் மின்யாழைச் சந்தையிலை தேடுறது" என்றார் ராசா அண்ணை.

"அப்ப உம்மட்டைத் தரட்டோ? போன வருசம் உம்மட்டைத் தந்த மன்றத்துக் கதிரையளிலை உம்மடை வீட்டிலை ஆக்கள் இருந்து தேத்தண்ணி குடிக்கினம்."

இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மேசன் தன் சாமான்களை மெல்லக் கூட்டி அள்ளினார். அப்போது தலைவருக்கு ஞானம் பிறந்தது.

"கதவு இருந்தால்தானே பூட்டு? பூட்டு இருந்தால்தானே திறப்பு? திறப்பு இருந்தால்தானே வழக்கு? கதவே வேண்டாம்!"

ராசா அண்ணை யோசித்துப் பார்த்துவிட்டு, "இதிலை எனக்கு மறுப்பில்லை" என்றார். நான் செயலாளரான பிறகு இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். எல்லோரும் கைதட்டினோம். வெட்கக்கேடு, நானும் தட்டினேன். கிற்றாரை உள்ளே நிறுத்தி, நாலாவது கண்ணாடியையும் சீமெந்து வைத்து மூடினார்கள்.

திறப்பு விழாவில், திறப்பதற்கு ஒன்றும் இல்லாதபடியால் நாடா மட்டும் வெட்டினார்கள். தலைவர் நீண்ட நேரம் பேசினார்.

"யாழ் வாசிச்ச பாணனுக்குப் பரிசாய்க் கிடைச்சபடியால்தான் இந்த மண் யாழ்ப்பாணம். அந்த யாழுக்கு வெள்ளைக்காரன் செய்த ஒரே வேலை கரண்ட் குடுத்தது. எங்கடை சொத்து எங்களிட்டைத் திரும்பி வந்திருக்குது. இனி இதை ஒருத்தரும் வாசிக்க ஏலாது, தொட ஏலாது, எங்களாலையே எடுக்க ஏலாது! இதைவிடப் பாதுகாப்பு உலகத்திலை எங்கை இருக்குது?"

மூன்றாம் வரிசையில் பொன்னாடையோடு இருந்த வசீகரன் அண்ணைக்கு அந்தக் கடைசி வசனம் அப்போதுதான் விளங்கியது. எழுந்தார். "நன்றியுரை பிறகு" என்று யாரோ இருத்திவிட்டார்கள்.

இரண்டு கிழமை கழித்து அவர் மன்றத்துக்கு வந்தார்.

"சேர், கண்காட்சி முடிஞ்சுதோ?"

"தொடங்கியிருக்குது. நிரந்தரக் கண்காட்சி எண்டு தீர்மானம் எடுத்திருக்கிறம்."

"எனக்கு ஒரு பின்னேரத்துக்குத் தந்தால் காணும். வாசிச்சிட்டுக் கொண்டுவந்து தாறன்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர் வசீகரன்? மரபுச் செல்வத்தை ஆரும் கலியாண வீட்டிலை வாசிப்பினமோ?"

"அது என்ரை கிற்றார் சேர்."

"உம்மடையதுதான், ஆர் இல்லையெண்டது? கல்வெட்டிலை உம்மடை பேர் இருக்குதே. பன்னிரண்டாவதாய்."

விஷயம் வெளிநாட்டுக் கிளைகளுக்குப் போனது. கணினித் திரையில் லண்டன் கிளைத் தலைவர் தோன்றி, கலியாணத்தைக் கண்ணாடி அறைக்கு முன்னால் வைத்தால் பிரச்சினை முடிந்தது என்றார். தாலி கட்டும் படத்தில் மின்யாழும் விழும், மன்றத்துக்கும் பெயர். உண்மையான லண்டன் கிளை, அப்படியானால் பதாகையில் லண்டன் கிளையின் பெயர் வரக்கூடாது என்றது. கலியாணத்துக்கு எவ்வளவு பதாகை, எந்தக் கிளைக்கு எந்தப் பக்கம் என்று வாக்குவாதம் வெகுநேரம் நடந்தது. கிற்றாரைக் கேட்டு வந்த மனிதர் ஒருவர் மூலையில் நிற்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

கடைசியில் தலைவருக்கு இரக்கம் வந்தது. "உம்மைக் காப்பாளராக்கிறம், வசீகரன்" என்றார்.

"காப்பாளர் செத்த ஆக்களல்லோ சேர்!"

"உமக்கு விதிவிலக்கு."

அண்ணை சத்தம்போட்டு நான் அன்றைக்குத்தான் கேட்டேன். "எனக்கு ஒரு கோதாரிப் பதவியும் வேண்டாம்! நான் ஒரு பதவியுமில்லாத சும்மா ஆள்! என்ரை கிற்றாரைத் தாங்கோ!"

"திரு. வசீகரன் எப்பதவியும் ஏற்க மறுத்தார்" என்று எழுதிக்கொண்டேன். வாசல் படலையடியில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதை எழுதவில்லை. எனக்கு என்னிலேயே ஆத்திரம் வந்தது. இந்த அழகான கையெழுத்தை வைத்து என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.

கம்சிகா தகப்பனை ஆறுதல்படுத்தினாள். "விடுங்கோ அப்பா, யாழ்ப்பாணத்திலை ஒரு கிற்றார் இரவல் எடுப்பம்" என்றாள். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. சரோஜினிதேவி அக்கா முதன்முறையாக அரிசி மூட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.

மார்கழி மழை வந்தது. கடற்காற்றும் ஈரமும் சேர்ந்து கண்ணாடி அறைக்கு உள்ளே வியர்க்கத் தொடங்கியது. கதவில்லாதபடியால் துடைக்க வழியில்லை. பார்க்க வந்தவர்களுக்கு மூடுபனிபோல வெள்ளைப் புகார் மட்டும் தெரிந்தது. "மின்யாழ் தவத்திலை இருக்குது" என்று தலைவர் விளக்கம் சொன்னார். சில பேர் கும்பிட்டார்கள்.

கலியாணத்தை நடத்திவைக்க இருந்தவர் ஹரிஷன் ஐயா. நயினாதீவில் பரம்பரையாகப் பூசை செய்கிற குடும்பம், இளம் ஆள், மோட்டார் சைக்கிளில் வருவார். சாமான் விபரம் சொல்ல வந்தவர், அண்ணையின் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். நானும் அங்கே நின்றேன். கதையை முழுக்கச் சொன்னோம். கதவில்லாத இடம் வந்ததும் ஐயா சிரிக்கவே இல்லை. அவர் பல அறங்காவலர் சபைகளைப் பார்த்தவர்.

"மூலவருக்குத் திருத்த வேலை எண்டால் நாங்கள் என்ன செய்யிறனாங்கள்?" என்றார் மெல்ல. "பாலஸ்தாபனம். தற்காலிகமாய் ஒரு சின்ன உருவத்தை வைச்சு அதுக்குப் பூசை, மூலஸ்தானத்திலை வேலை. கண்ணாடி அறையின்ரை புகாரைத் திருத்தவெண்டு உங்கடை மன்றத்துக்கும் அப்பிடி ஒண்டு செய்தால் என்ன?"

"மன்றம் சம்மதிக்குமோ ஐயா?" என்றேன்.

"மாட்டினம் எண்டோ நினைக்கிறீர்? பாலஸ்தாபனத்துக்கு ஒரு விழா. பிறகு கும்பாபிஷேகத்துக்கு இன்னொரு விழா. ரெண்டிலையும் பொன்னாடை இருக்குமே, பிள்ளை."

அவர் மன்றத்துக்கு வந்து அதைச் சொன்னபோது தலைவர் கதிரை நுனிக்கு வந்துவிட்டார். "ரெண்டு விழாவோ?" என்றார்.

ராசா அண்ணை மட்டும் சந்தேகப்பட்டார். "ஐயா, கிற்றாருக்குப் பாலஸ்தாபனம் ஆகமத்திலை இருக்குதோ?"

"கிற்றாரைப் பற்றி ஆகமத்திலை ஒண்டுமே இல்லை. மந்திரமும் வேண்டாம். ஒரு தேவாரம் படிச்சு, ஒரு கற்பூரம் காட்டினால் காணும்" என்றார் ஐயா. ஒரு சொல்லும் பொய்யில்லை.

தச்சரைக் கொண்டு ஒட்டுப்பலகையில் ஒரு கிற்றார் வெட்டினார்கள். தீர்மானப்படி செவ்விளநீர் நிறத்தில் எனமல் பெயின்ற் மூன்று பூச்சு. பளபளவென்று இருந்தது. தந்திக்குப் பதிலாக வெள்ளைக் கோடுகள் கீறினார்கள். நடுவில் "உபயம்: லண்டன் கிளை" என்று எழுத, பின்பக்கம் "உபயம்: உண்மையான லண்டன் கிளை" என்று எழுதவேண்டி வந்தது.

விழாவன்று மேசன் பின்கண்ணாடியைச் சுற்றியிருந்த சீமெந்தை உடைத்து அசல் கிற்றாரை வெளியே எடுத்தார். உடனே அடுத்த பிரச்சினை. திருத்த வேலை முடியும்வரை அதை யார் வீட்டில் வைப்பது? தலைவர் தன் வீடு என்றார், ராசா அண்ணை விடவில்லை. ராசா அண்ணை தன் வீடு என்றார், தலைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கிற்றார் மேசனின் கையில் ஈரம் சொட்டச் சொட்ட நின்றது. நான் அறிக்கைப் புத்தகத்தைப் புரட்டி, என் அழகான கையெழுத்தை உரத்து வாசித்தேன்.

"திரு. வசீகரன் எப்பதவியும் ஏற்க மறுத்தார்."

"அதாலை?" என்றார் தலைவர்.

"ஊரிலை எந்தப் பக்கமும் சேராத, பதவியில்லாத ஆள் அவர் ஒருத்தர்தான் சேர்."

இருவரும் அண்ணையைப் பார்த்தார்கள். எதிராளி வீட்டுக்குப் போகாவிட்டால் சரி என்ற நிம்மதி இரண்டு முகத்திலும் ஒரேமாதிரி வந்தது. "பத்திரமாய் வைச்சிரும். அதைப் போட்டு வாசிச்சுக் கீசிச்சுப் போடாதையும்" என்றார் தலைவர். அண்ணை கிற்றாரைப் பிள்ளையைப்போல் வாங்கி மடியில் வைத்துச் சட்டையால் துடைத்தார்.

அதற்குள் மேசன் ஒட்டுப்பலகைக் கிற்றாரை உள்ளே நிறுத்தி, காற்றோட்டத்துக்கு நாலு ஓட்டை விட்டு, பின்கண்ணாடியைச் சீமெந்து வைத்து முன்னைப்போலவே மூடிவிட்டார். அசல் திரும்பி உள்ளே போவது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கவனித்தேன். அறிக்கையில் எழுதவில்லை.

புகார் இல்லாத கண்ணாடிக்குள் எனமல் பெயின்ற் மின்னியது. "இப்பதான் பழைய களை வந்திருக்குது" என்று சனம் சொன்னது. கொஞ்ச நாளில் தலைவரும் அதையே அசல் மின்யாழ் என்று பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டத் தொடங்கிவிட்டார்.

மண்கும்பானில் ஒரு மண்டபத்தில் ரிசெப்ஷன் நடந்தது. ஒலிபெருக்கியில் வயரைக் கொழுவிக்கொண்டு வசீகரன் அண்ணை மேடையின் ஓரத்தில் இருந்தார். அவித்து இறக்கிய றாலின் நிறத்தில் கிற்றார் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. அவர் முதல் தந்தியைத் தொட்டபோது மண்டபத்தில் ஐஸ்கிறீம் கோப்பைகளின் சத்தம் நின்றது. கம்சிகாவின் பிள்ளைக்காலப் பாட்டுத்தான். அவள் கூறைச்சேலையோடு எழுந்து வந்து, நகை, பூ எல்லாம் நசிய, தகப்பனுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, கிற்றாரின் மரத்தில் காதை ஒட்டிவைத்துக்கொண்டாள். இவ்வளவு பெரிய ஒலிபெருக்கி இருக்க இவள் என்ன செய்கிறாள் என்று மாப்பிள்ளை வீட்டார் பார்த்தார்கள். சரோஜினிதேவி அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். வாசிப்பு முடிந்தபோது அக்கா என் காதில், "போகட்டும், அரிசிதானே" என்றார்.

பிரதம விருந்தினராக முன்வரிசையில் இருந்த பரமலிங்கம் சேர் பொன்னாடையோடு மேடைக்கு ஏறினார். கிற்றாரை அவர் அடையாளம் கண்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து, கண்ணாடியைக் கழற்றி, கிற்றாரை மேலும் கீழும் பார்த்தார்.

"பரவாயில்லை வசீகரன், உது நல்லாத்தான் கிடக்குது" என்றார். "ஆனால் எங்கடை மின்யாழின்ரை நாதம் உதுக்கு வராது. நீர் ஒண்டு செய்யும். உந்தப் பழைய பெயின்ரை உரஞ்சிப்போட்டுச் செவ்விளநீர் அடியும். கொஞ்சமாவது எங்கடை மாதிரித் தெரியும்."

"ஓம் சேர்" என்று சொல்லிவிட்டு, வசீகரன் அண்ணை ஒலியைக் கூட்டி அடுத்த பாட்டைத் தொடங்கினார்.